மீட்டரைப் பார்த்தே வீட்டில் வீணாகும் நீரையும் மின்சாரத்தையும் கண்டறிவது எப்படி?

சிக்கனம் என்றவுடன் புதிய சாதனம் வாங்கக் கிளம்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. எங்கே வீணாகிறது என்று தெரியாமல் எதை வாங்கியும் பயனில்லை. நீரை இறைக்கவும் சுத்திகரிக்கவும் மின்சாரம் தேவைப்படுவதால், வீணாகும் ஒவ்வொரு குடம் நீரோடும் கொஞ்சம் மின்சாரமும் போகிறது. ஆகவே நீரிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: இரவு எல்லோரும் படுக்கப் போகும் முன் தண்ணீர் மீட்டரின் எண்களைக் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாத வீட்டில், தொட்டியின் நீர்மட்டத்தைக் குச்சியால் அளந்து குறிக்கலாம். இரவில் யாரும் நீரைப் பயன்படுத்தாமலும் தொட்டி நிரம்பாமலும் இருந்து, காலையில் அளவு மாறியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

இரண்டாம் படி: கசியும் இடத்தைத் தேடுங்கள். சொட்டும் குழாயின் கீழ் 200 மில்லி டம்ளர் ஒன்றை வையுங்கள். அது ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் நாளொன்றுக்கு 4.8 லிட்டர், மாதத்துக்கு 144 லிட்டர் வீணாகிறது. பெரும்பாலும் தேய்ந்த வாஷரை மாற்றினாலே சரியாகிவிடும். சொட்டும் குழாயாவது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். கழிப்பறை ஃபிளஷ் தொட்டியோ சத்தமே இல்லாமல் கசியும். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. தொட்டி நீரில் சில துளி உணவு நிறமியை விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருந்தேன். பீங்கானின் பின்சுவரில் மெல்லிய சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. அடிப்பகுதி வால்வின் ரப்பர் தேய்ந்திருந்ததே காரணம்.

மூன்றாம் படி மின்சாரத்துக்கானது. விளக்கு, விசிறி, டிவி எல்லாவற்றையும் வழக்கம்போல் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜை மட்டும் சில நிமிடம் நிறுத்திவையுங்கள். டிஜிட்டல் மின் மீட்டரில் சிறு விளக்கு ஒன்று சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்றால், 1125 என்ற எண்ணை இரு சிமிட்டல்களுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால் அந்நேரத்து வாட் அளவு கிடைக்கும். 45 நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 25 வாட். ஆண்டு முழுவதும் அப்படியே ஓடினால் 219 யூனிட். இனி, செருகியிருக்கும் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி ஆகியவற்றின் சுவர் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்து, எதை அணைத்ததும் இடைவெளி நீள்கிறது என்று கவனியுங்கள். முடிந்ததும் ஃபிரிட்ஜை மறக்காமல் போட்டுவிடுங்கள்!

நான்காவதாக, வெந்நீர். பதினைந்து லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு 29 மணி நேரம் எரியும். ஷவரைப் பத்து நொடி வாளியில் பிடித்து அளந்து ஆறால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கான ஓட்டம் தெரியும். நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று வந்தால், ஓட்டத்தைக் குறைக்கும் ஷவர் தலைக்கு மாறுவது உண்மையிலேயே பலன் தரும் செலவு. பழைய குண்டு பல்பு எஞ்சியிருந்தால் அதையும் எல்இடியாக மாற்றிவிடுங்கள்.

பழுதுகளைச் சரிசெய்த அன்றிரவே முதல் படியை மீண்டும் செய்து பாருங்கள். காலையில் கடைசி இலக்கம் நகர்ந்திருந்தால், இன்னொரு கசிவு பாக்கி இருக்கிறது.