ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் ஏன் திரும்பி வருகிறது? குடும்ப, வருமான விவரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருமானம் வரம்புக்குள் இருக்கும், மார்க் இருக்கும், சான்றிதழும் கையில் இருக்கும். அப்படியும் விண்ணப்பம் திரும்பி வரும். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொன்று, வருமானச் சான்றிதழில் மூன்றாவது. சரிபார்க்கும் அலுவலருக்கு உங்கள் வீட்டு நிலவரம் தெரியாது. நான்கைந்து காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்றுதான் அவர் பார்ப்பார். ஆகவே கல்லூரி திறப்பதற்கு முன்பே, அதாவது பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, இந்தக் காகித வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

பெயரில் தொடங்கும் சிக்கல்

நம் நெல்லைப் பக்கத்துப் பெயர்கள் ஆங்கில எழுத்துக்குப் போனால் ஆளுக்கொரு விதமாக மாறிவிடும். இசக்கியம்மாள் ஒரு காகிதத்தில் 'ஐ' எழுத்தில் தொடங்குவார், இன்னொன்றில் 'ஈ' எழுத்தில். சுடலைமுத்து சில இடத்தில் 'எஸ்', சில இடத்தில் 'சி'. இனிஷியல் அதைவிடப் பெரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மாணவருக்கு அடிப்படை பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அதில் திருத்தம் செய்வது பெரிய வேலை, ஆகவே ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் வாழ்நாளில் 2 முறைதான் பெயரை மாற்ற முடியும், பிறந்த தேதியை 1 முறைதான். அவசரத்தில் மையத்தில் இருப்பவர் தட்டச்சு செய்ததை வாசிக்காமல் சரி சொல்லிவிட்டால் ஒரு வாய்ப்பு போய்விடும். ஆதார் சரியான பிறகு ரேஷன் கார்டு, பிறகு பேங்க் கணக்கு, கடைசியாக வருமானச் சான்றிதழ். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை செய்ய வேண்டியிருக்கும்.

ரேஷன் கார்டில் இருப்பவர்கள் எல்லாரும் குடும்பமா?

தாத்தா கார்டிலேயே பேரன் பெயர் ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணமாகிப் போன அக்கா பெயர் நீக்கப்படாமல் இருக்கும். இறந்துபோன அப்பாதான் இன்னும் குடும்பத் தலைவர். இப்படியே வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ. நிலையிலேயே கேள்வி வரும். இறப்புச் சான்றிதழை இணைத்துப் பெயர் நீக்குவதையும், குடும்பத் தலைவரை மாற்றுவதையும் பொது வினியோகத் திட்ட இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

யாருடைய வருமானத்தைச் சேர்ப்பது என்பது வேறு கேள்வி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையில் தாய், தந்தை இருவரில் ஒருவர் உயிரோடு இருக்கும் வரை பெற்றோர் வருமானம்தான் கணக்கு. சம்பாதிக்கும் அண்ணன் வருமானத்தைத் தாங்களாகவே கூட்டிக்கொண்டு, வரம்பு தாண்டிவிட்டது என்று விண்ணப்பிக்காமலே விடுகிற வீடுகள் உண்டு. இதற்கு நேர்மாறாக, அப்பா மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கிறார், அம்மா வருமானம் மட்டும் போதும் என்று எழுதுவதும் தவறு. ஊரில் இல்லாவிட்டாலும் அவர் வருமானம் குடும்ப வருமானம்தான். கணவர் விட்டுப் போய்விட்டார் என்றால் அதற்கென்றே கைவிடப்பட்ட பெண் சான்றிதழ் இருக்கிறது. அதை வாங்கி வைக்காமல் 'தந்தை இல்லை' என்று மட்டும் எழுதினால், இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். பெற்றோர் இருக்கும்போது மாமாவையோ சித்தப்பாவையோ பாதுகாவலர் என்று காட்டி அவர் வருமானத்தைக் கொடுப்பது எங்குமே செல்லாது.

வருமானத்தைக் குறைத்து எழுதும் பழக்கம்

72,000 என்று எழுதிக் கொடுத்தால் எல்லாமே கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊர்ப் பக்கம் வேரூன்றியிருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அந்தப் பொய்யே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. உதாரணத்துக்கு முக்கூடல் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மா பீடி சுற்றுகிறார்: வாரக் கூலி 1,200 ரூபாய், ஆண்டில் 50 வாரம் என்றால் 60,000. போனஸ் 6,000. அப்பா லோடுமேன்: மாதம் 12,000, ஆண்டுக்கு 1,44,000. ஒரு ஏக்கர் நஞ்சை, கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகமும் சேர்த்து உழவு, உரம், அறுப்புக் கூலி எல்லாம் போக மிச்சம் 25,000. ஆக மொத்தம் 2,35,000. போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கான 2,50,000 வரம்புக்குள்தான் இருக்கிறது. உள்ளதை எழுதினாலே போதும்.

குறைத்து எழுதியது பின்னால் எங்கே கடிக்கும்? பேங்க் கல்விக் கடனில். மேனேஜர், மாணவரின் அப்பாவுடைய பான் எண்ணைப் போட்டுப் பார்க்கிறார். சான்றிதழில் 72,000, வருமான வரிக் கணக்கில் 4 லட்சம். பழைய வண்டிக் கடனுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் இன்னொரு தொகை. இதில் எந்த எண்ணை நம்புவது என்று அவர் கேட்டால் பதில் இருக்காது.

விவசாயத்தில் மொத்த விற்பனையை வருமானம் என்று எழுதித் தங்களுக்கே ஆப்பு வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வாழைத்தார் விற்ற பணத்தில் கன்று, உரம், முட்டுக் கம்பு, கூலி, பாட்டம் (குத்தகைப் பணம்) எல்லாவற்றையும் கழித்த மிச்சம்தான் வருமானம். மாதச் சம்பளக்காரருக்கு இது பொருந்தாது. பி.எஃப்., சொசைட்டிக் கடன், எல்.ஐ.சி. பிடித்தது போகக் கைக்கு வருவதை எழுதக் கூடாது, பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம்தான் கணக்கு. வீட்டு வாடகை, கடை வாடகை, ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைக்கு நிலம் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்தத் தொகை ஆகியவையும் சேரும். பட்டா தாத்தா பெயரிலேயே இருந்து, உழுது அனுபவிப்பது நீங்கள் என்றால் அதை வி.ஏ.ஓ.விடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

வரம்புகளைக் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. போஸ்ட் மெட்ரிக்குக்கு 2.5 லட்சம். பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலான மத்தியத் துறை உதவித்தொகைக்கும், கல்விக் கடன் வட்டி மானியத்துக்கும் 4.5 லட்சம். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கான பிரகதி திட்டத்துக்கு 8 லட்சம். மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழிலும் 8 லட்சம் என்ற எண் வருகிறது, ஆனால் அந்தக் கணக்கே வேறு. அதில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. உதவித்தொகையில் இரண்டுமே சேரும். ஓ.பி.சி. சான்றிதழைக் கொண்டுபோய் வருமானச் சான்றிதழுக்குப் பதிலாகப் பதிவேற்றுவது வருடா வருடம் நடக்கும் கூத்து.

வருமானமே கேட்காத திட்டங்களும் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கான உதவித்தொகையில் வருமான நிபந்தனை இல்லை. புதுமைப் பெண் திட்டத்திலும் இல்லை. மாதம் 1,000 ரூபாய் வரும் அது, வேறு உதவித்தொகை வாங்கினாலும் நிற்காது. ஒரே கல்லூரியில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் சேர்ந்தே இருப்பதால், எந்தப் பிரிவில் சேர்ந்திருக்கிறீர்கள் என்பதைக் கட்டண ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்

முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆலங்குளம் வட்டாரத்தில் இது தனியாகச் சொல்ல வேண்டிய சங்கதி. மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் உதவித்தொகைக்கு தேசிய உதவித்தொகைப் போர்ட்டலில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அடிப்படை ஆவணம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. அட்டை ஆச்சி பெயரில் இருக்கும், சுற்றுவது அம்மாவாக இருக்கும். அப்படியானால் அது செல்லாது, தாயோ தந்தையோதான் அட்டைதாரராக இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே அட்டை போட்டிருந்தால் அதில் அவருடைய அப்பா பெயர் இருக்கும், ஆதாரில் கணவர் பெயர் இருக்கும். பி.எஃப். கணக்கிலும் பழைய பெயரே ஓடும். இதைத் திருத்த கம்பெனி, பி.எஃப். அலுவலகம், பீடித் தொழிலாளர் மருந்தகம் என்று மூன்று வாசல் ஏற வேண்டிவரும். பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே ஆரம்பித்தால்தான் நேரத்துக்கு முடியும்.

சான்றிதழ் வாங்கும்போது

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் கட்டணம். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று போகும். போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு, வருமான ஆதாரம், கையெழுத்திட்ட சுய உறுதிமொழி ஆகியவற்றை எடுத்துப் போங்கள். மாணவர் பெயரில் எடுக்காமல் தாய் அல்லது தந்தை பெயரில் எடுங்கள்.

மையத்தில் நடக்கும் பிழைகள் இரண்டு. முதலாவது, எப்போதோ உருவாக்கிய பழைய கேன் எண்ணை (இ-சேவையில் உங்கள் விவரங்களைப் பதிந்து கொடுக்கும் எண்) அப்படியே பயன்படுத்துவது. அதில் இருக்கும் பழைய முகவரிதான் புதுச் சான்றிதழிலும் அச்சாகும். முதலில் கேன் விவரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். இரண்டாவது, மையத்துக்காரர் தன்னுடைய மொபைல் எண்ணைப் போட்டுவிடுவது. 'திருப்பி அனுப்பப்பட்டது' என்ற குறுஞ்செய்தி அவருக்குப் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. உதவித்தொகைப் போர்ட்டலில் ஒருமுறைப் பதிவு செய்து 14 இலக்க எண் வாங்கும்போதும் இதே கதைதான். வீட்டில் நிலையாக இருக்கும் எண் ஒன்றையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். அக்கா போன வருடம் வாங்கியதைத் தம்பி இந்த வருடம் போடக் கூடாது. ஜெராக்ஸ் எடுக்கும்போது கியூஆர் குறியீடு வெட்டுப்பட்டாலும், பேனாவால் எதையாவது திருத்தினாலும் அந்தப் பிரதி வீண். தரவிறக்கிய கோப்பையே பதிவேற்றுங்கள்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதற்கு முன் வாங்கிய சாதிச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கும், அதனால் சான்றிதழ் கெட்டுப்போகாது. ஆனால் விண்ணப்பத்தில் இருப்பிட மாவட்டம் கேட்கும்போது ஆலங்குளத்துக்காரரும் கடையநல்லூர்க்காரரும் தென்காசியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வருமானச் சான்றிதழும் இப்போதைய தாலுகாவிலிருந்துதான் வரும். படிக்கும் கல்லூரி பாளையங்கோட்டையில் என்றால், விண்ணப்பம் கல்லூரி வழியாகத் திருநெல்வேலி அலுவலகத்துக்குப் போகும். இந்த இரண்டு மாவட்டத்தையும் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

மதம் மாறிய ஆதிதிராவிட கிறித்தவ மாணவர்களுக்கு மாநில அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவி உண்டு. ஆனால் சாதிச் சான்றிதழில் பி.சி. என்றிருக்கும்போது விண்ணப்பத்தில் எஸ்.சி. என்று தேர்ந்தெடுத்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும். சான்றிதழில் உள்ள பிரிவையே தேர்ந்தெடுங்கள்.

முதல் பட்டதாரி

வீட்டில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவருக்கான கட்டணச் சலுகை இது. இதில் மறைப்பதுதான் பெரிய தவறு. அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்த அம்மாவும் பட்டதாரிதான். மூத்தவர் பட்டம் வாங்கியிருந்தாலோ, இந்தச் சலுகையை ஏற்கெனவே வாங்கியிருந்தாலோ இளையவருக்குக் கிடையாது. பாலிடெக்னிக் டிப்ளமா பட்டம் ஆகாது, அதனால் பயப்பட வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் சான்றிதழோடு பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியும் வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்குச் சலுகை இல்லை.

பணம் வராமல் போவது

பேங்கில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டேன், இணைந்துவிட்டது என்று நினைப்பது பொதுவான ஏமாற்றம். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (பேங்குகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய அமைப்பு) பதிவேட்டில் இணைப்பது வேறு. இரண்டாவதுக்குத் தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். கடைசியாக எந்த பேங்கை இணைத்தீர்களோ அங்கேதான் பணம் விழும். இடையில் போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்து தபால் துறை பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தால் பணம் அங்கே கிடக்கலாம். ஆதார் இணையதளத்தில் நுழைந்து பேங்க் இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த பேங்க் என்று தெரிந்துவிடும். பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கு முடங்கியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு

'சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்தால் பாதிக் கிணறுதான். தேசிய போர்ட்டலில் முதலில் கல்லூரி பொறுப்பு அலுவலர் சரிபார்க்க வேண்டும், பிறகு அடுத்த நிலை. விண்ணப்பத்தை அச்செடுத்து, அசல் ஆவணங்களோடு கல்லூரி அலுவலகத்தில் காட்டாதவர்களின் விண்ணப்பம் கடைசித் தேதி வரை அங்கேயே தூங்கும். 'டிஃபெக்டிவ்' என்று வந்தால் பதற வேண்டாம். குறையைத் திருத்தி மீண்டும் சமர்ப்பித்து, கல்லூரியில் மறுபடி சரிபார்க்கச் சொல்ல வேண்டும். திருத்துவதற்கும் கடைசித் தேதி உண்டு, ஆகவே வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

மத்தியத் துறை உதவித்தொகை வாங்குபவர் மாநில உதவித்தொகையையும் சேர்த்து வாங்க முடியாது. இரண்டுக்கும் போட்டுவிட்டு எது வருகிறதோ பார்ப்போம் என்று இருந்தால், பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரலாம். எதில் தொகை அதிகம், எது புதுப்பிக்க எளிது என்று பார்த்து முதலிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கல்லூரியிலோ தாலுகாவிலோ வேலை நகரவில்லை என்றால் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மனுவில் விண்ணப்ப எண், சமர்ப்பித்த தேதி, இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்ற மூன்றையும் எழுதி, நிலைப் பக்கத்தின் அச்சுப் பிரதியை இணைத்துக் கொடுங்கள். மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள்.