போட்டிக்கு ரைஃபிள் தேடுகிறீர்களா? ஆக்‌ஷனை முதலில் முடிவு செய்யுங்கள்

இலக்குச் சுடுதலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கம்பெனி பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தள்ளி, பூட்டி, சுட்டபின் காலிக் கூட்டை வெளியே எடுக்கும் பகுதி. எது உங்களுக்குச் சரி என்பதைப் பாதி நீங்கள் இறங்கும் போட்டியின் விதிகளும் மீதி உங்கள் கையும் கன்னமும் தோளும் முடிவு செய்யும்.

படி 1: எந்தப் போட்டி?

சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.பின் 50 மீட்டர் ரைஃபிள் என்றால் யோசிக்கவே வேண்டாம். .22 லாங் ரைஃபிள் தோட்டா, ஒவ்வொன்றாகக் கையால் ஏற்ற வேண்டும், பல தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்கு அங்கே வேலையில்லை. எனவே கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்துத் திறந்து, முன்னால் தள்ளி மூடும் ஒற்றைத் தோட்டா போல்ட் ஆக்‌ஷன். ரைஃபிளைத் தாங்கியில் வைத்து 1000 கஜம் வரை சுடும் எஃப் கிளாஸிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

பயத்லான் வேறு உலகம். பனியில் சறுக்கி வந்து, இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து குறிகளைச் சுட வேண்டும். ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்குக்கு அனுமதி இல்லை, ஆனால் வேகம் வேண்டும். அதனால்தான் கைப்பிடியை மேலே தூக்கித் திருப்பாமல் விரலால் நேராகப் பின்னால் இழுத்து, கட்டை விரலால் முன்னால் தள்ளும் ஸ்ட்ரெய்ட் புல் ஆக்‌ஷன் அங்கே கோலோச்சுகிறது. ஜெர்மன் கம்பெனி அன்ஷூட்ஸின் ஃபோர்ட்னர் ஆக்‌ஷன் இதில் மிகப் பிரபலம்.

ராணுவ வகை ரைஃபிள்களால் சுடும் அமெரிக்காவின் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் குறிப்பிட்ட நொடிகளுக்குள் பத்துத் தோட்டாக்களைச் சுட்டு முடிக்கும் சுற்றுகள் உண்டு, ஏ.ஆர்.-15 வகை செமி ஆட்டோமேட்டிக் அங்கேதான் தன் வேலையைக் காட்டும். லீவர் ஆக்‌ஷனுக்கு (டிரிகருக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி இயக்குவது) விலங்கு வடிவ உலோகத் தகடுகளைச் சுட்டு வீழ்த்தும் சிலூவெட் போட்டியில் தனிப் பிரிவே இருக்கிறது, அந்த ஆசை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தத் தலைவலியே இல்லை, அங்கே அழுத்தக் காற்று உருளைதான்.

படி 2: போல்ட் ஆக்‌ஷனை ஏன் இவ்வளவு பேர் நம்புகிறார்கள்?

கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளி மடக்குவது போன்ற எளிய அசைவு அது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பூட்டிக்கொள்ளும். மேகசின் இல்லாத ரிசீவரில் (போல்ட் ஓடும் உலோக உடல்) அடியில் திறப்பு வெட்ட வேண்டியதில்லை என்பதால் வளையாமல் விறைப்பாக நிற்கும். ரைஃபிளை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள் ஒற்றைத் தோட்டா ஆக்‌ஷனை விரும்புவது இதனால்தான்.

அப்புறம் லாக் டைம். டிரிகர் விடுபட்ட கணத்திலிருந்து, வெடிக்க வைக்கும் ஊசி தோட்டாவை அடிக்கும் வரை ஆகும் நேரம் அது, சில மில்லி நொடிகள்தான். நின்றுகொண்டு சுடும்போது ரைஃபிள் ஒரு நொடிகூட அசையாமல் இருப்பதில்லை, அந்தச் சில மில்லி நொடியிலும் முனை நகர்ந்துகொண்டே இருக்கிறது. நல்ல டார்கெட் போல்ட் ஆக்‌ஷனில் ஊசி நேராகக் குறைந்த தூரம் பாய்கிறது, வழக்கமான செமி ஆட்டோமேட்டிக்கிலோ ஒரு சுத்தியல் சுழன்று வந்து ஊசியை அடிக்க வேண்டும்.

இதை வைத்து செமி ஆட்டோமேட்டிக்கை மட்டம் தட்டாதீர்கள். 600 கஜத்தில் அற்புதமாகச் சுடுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் போல்ட் உங்களை ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் நிறுத்தி வைக்கும், இப்போது போனது எங்கே பட்டிருக்கும் என்று யோசிக்க வைக்கும். தொடக்கத்தில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

படி 3: கையில் எடுத்துப் பாருங்கள்

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ரேஞ்சில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, முனையை இலக்குப் பக்கம் வைத்து ஸ்லிங்கை (ரைஃபிளைக் கையோடு பிணைக்கும் வார்) மாட்டிப் படுங்கள். கன்னத்தைத் தாங்கியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு போல்ட்டை ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். கண்ணைத் திறந்தால் குறி இன்னும் இலக்கிலேயே இருக்கிறதா? தலை தூக்க வேண்டியிருந்தாலோ, தோள் நழுவினாலோ முதலில் ஸ்டாக்கை (தோளிலும் கன்னத்திலும் படும் பின்பகுதி) சரிசெய்யச் சொல்லுங்கள், அப்படியும் தீராவிட்டால் அந்த ரைஃபிள் உங்களுக்கானது அல்ல.

தோட்டா ஏற்றுவதையும் கவனியுங்கள். .22 தோட்டாவின் ஈய முனை மென்மையானது, ஏற்றும் வாயின் ஓரத்தில் உரசினால் கீறல் விழும். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர், அங்கே கீறல் விழுந்த குண்டை நம்ப முடியாது. விரல் எளிதாக நுழைகிறதா, தோட்டா தானாக நேராக உட்காருகிறதா என்று பாருங்கள்.

இடது கைக்காரர்கள் இடப்பக்க போல்ட்டையே கேளுங்கள், கிடைக்கும். கீழே நெம்புகோல் வைத்த பழைய மார்ட்டினி ஆக்‌ஷன் இரண்டு கைக்கும் ஒத்துவரும். எதுவானாலும் உங்கள் வலுவான கண் எது என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 4: பாதுகாப்பு

போல்ட்டைத் திறந்து சேம்பருக்குள் பளிச்சென்ற பாதுகாப்புக் கொடியைச் செருகி வைத்தால் தூரத்தில் நிற்பவருக்கும் ரைஃபிள் காலி என்று தெரியும். செமி ஆட்டோமேட்டிக்கில் மேகசினைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், சேம்பருக்குள் ஒரு தோட்டா அப்படியே இருக்கலாம். லைசென்ஸ் விதிகள் ஆக்‌ஷனைப் பொறுத்து மாறும் நாடுகளும் உண்டு, பணம் கொடுக்கும் முன் அதையும் விசாரித்துவிடுங்கள்.

படி 5: பழையதை வாங்கினால்

கிளப் ரைஃபிளில் ஒரு சீசன் சுட்டுவிட்டுப் பழைய போல்ட் ஆக்‌ஷன் ஒன்றை வாங்குவதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. வாங்கும்போது போல்ட்டைக் கழற்றி, சேம்பரின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். .22 ரைஃபிளில் ஊசி தோட்டாவின் ஓரத்தைத்தான் அடிக்கும், காலி சேம்பரில் கவனமில்லாமல் சுட்டுப் பழகியிருந்தால் அந்த இடத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கலாம். பள்ளம் பெரிதானால் காலிக் கூடு சிக்கும். அப்படி இருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.