ராய் கீனைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எர்லிங் ஹாலாண்ட் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்ததிலிருந்து ராய் கீனின் பெயர் கால்பந்துப் பதிவுகளில் அடிக்கடி அடிபடுகிறது. பெரும்பாலும் ஒரே காரணம்தான்: "ஹாலாண்டின் அப்பாவின் காலை உடைத்து, அவர் ஆட்டத்தையே முடித்துவைத்தவர்." கீன் அயர்லாந்து நடுக்கள வீரர், மான்செஸ்டர் யுனைடெட்டின் கேப்டனாக இருந்தவர், அந்த அணிக்காக 12 ஆண்டுகளுக்கு மேல், 480 ஆட்டங்கள் ஆடியவர். 7 லீக் பட்டங்கள், 4 எஃப்.ஏ. கோப்பைகள் வென்றவர். அவரை ஒரு நிமிட வீடியோவுக்குள் அடைத்துவிடுகிறோம், அதிலும் விவரங்கள் தப்பும் தவறுமாக இருக்கின்றன. அவர் ஆட்டத்தை நேசிப்பவர்களுக்கு இது வலிக்கிறது.

ஹாலாண்ட் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே இரண்டு ஆட்டங்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள். முதலாவது 1997 செப்டம்பர் 27, லீட்ஸின் எலண்ட் ரோடு மைதானத்தில் நடந்தது. எர்லிங்கின் அப்பா ஆல்ஃப்-இங்கே ஹாலாண்ட் அப்போது லீட்ஸ் வீரர். அவரைத் தடுக்கிவிடப் போன கீனின் பூட்ஸ் புல்தரையில் சிக்கி, முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆக, ஹாலாண்ட்தான் கீனைக் காயப்படுத்தினார் என்று எழுதுவது தவறு. கீழே கிடந்த கீனைப் பார்த்து, நடிக்கிறார் என்று ஹாலாண்ட் திட்டியதுதான் பகைக்கு வித்து. அந்த சீசனின் மீதி முழுவதும் கீன் ஆடவில்லை. லீக் பட்டம் ஆர்சனலுக்குப் போனது.

இரண்டாவது 2001 ஏப்ரல் 21, யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் நடந்த மான்செஸ்டர் டெர்பி, அதாவது ஒரே ஊர் அணிகளான யுனைடெட்டும் சிட்டியும் மோதும் ஆட்டம். ஹாலாண்ட் இப்போது சிட்டியில். கீனின் பூட்ஸ் அவருடைய வலது முழங்காலில் இறங்கியது. உடனே சிவப்பு அட்டை. அந்த டேக்கிளுக்கு நியாயம் சொல்ல யாராலும் முடியாது, சொல்லவும் கூடாது. அடுத்த ஆண்டு வந்த கீனின் சுயசரிதையில் அது வேண்டுமென்றே செய்ததாகத் தொனித்ததால், எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) 5 ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் விதித்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் ஹாலாண்டை ஓய்வு பெற வைத்தது இடது முழங்கால். அந்த டெர்பிக்கு முன்பிருந்தே அது தொந்தரவு கொடுத்துவந்தது. டெர்பி முடிந்த சில நாட்களிலேயே அவர் நார்வேக்காகவும், பிறகு சிட்டிக்காகவும் களமிறங்கினார். அதன் பின்தான் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை, 2003இல் ஓய்வு. கீனின் நோக்கம் தவறு என்று தாராளமாக எழுதலாம். நடக்காத விளைவை அவர் தலையில் கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது டூரின். 1999 ஏப்ரல் 21, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். எதிரணி இத்தாலியின் யுவென்டஸ். ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த முதல் ஆட்டம் 1-1 சமன். இங்கே 11 நிமிடத்துக்குள் யுவென்டஸின் இன்ஸாகி இரண்டு கோல் போட்டுவிட்டார். 24ஆவது நிமிடத்தில் பெக்காம் எடுத்த கார்னரை, கூட்டத்தின் முன்னால் ஓடிவந்து கீன் தலையால் தட்டி உள்ளே அனுப்பினார். கொண்டாட்டம் எதுவும் இல்லை. திரும்பித் தன் பாதிக்கு ஓடினார். 33ஆவது நிமிடத்தில் ஸிதானைத் தடுக்கப் போய் மஞ்சள் அட்டை வாங்கினார். முன்பு வாங்கிய அட்டைகளோடு சேர்ந்ததால் இறுதிப் போட்டிக்குத் தடை.

இந்த வரிசை முக்கியம். "இறுதி ஆட்டம் போச்சு என்று தெரிந்தபிறகும் கோல் அடித்தார்" என்று பலர் எழுதுகிறார்கள். கோல் முதலில், அட்டை பிறகு. மாற்றி எழுதினால் கதைக்குச் சுவை கூடலாம், ஆனால் அவர் உண்மையில் செய்த பெரிய காரியம் மறைந்துபோகும். மீதி ஒரு மணி நேரம், தான் ஆடவே முடியாத ஓர் இறுதிப் போட்டிக்காக அவர் உழைத்தார். டேவிட்ஸ், ஸிதான், டெஷாம் இருந்த நடுக்களத்தில் பந்தைப் பிடுங்கி, பக்கத்தில் நிற்பவருக்கு எளிதாகத் தள்ளி, உடனே அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தார். யுனைடெட்டின் யார்க் சமன் செய்தார், கடைசியில் ஆண்டி கோல் என்ற வீரர் இன்னொன்று போட, 3-2. முழு ஆட்டத்தின் பதிவு கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு கீனை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். அவர் கொடுத்த பாஸ்களில் முக்கால்வாசி சாதாரணமானவைதான். ஆனால் அவை போய்ச் சேர்ந்த வேகத்தில் யுவென்டஸுக்கு மூச்சுவிட நேரமே கிடைக்கவில்லை.

இதே காரணத்தால், 1999 சாம்பியன்ஸ் லீக் கோப்பையை "கேப்டன் கீன் தூக்கினார்" என்று எழுதுவதும் தவறு. இறுதிப் போட்டி நடந்த பார்சலோனாவில் அன்றைய கேப்டன் கோல்கீப்பர் ஷ்மைக்கேல். கீனும், தடை பெற்ற ஸ்கோல்ஸும் கோட் சூட்டில்தான் இருந்தார்கள்.

சின்னதாகத் தெரிந்தாலும் அயர்லாந்துக்காரர்களைப் புண்படுத்தும் ஒரு தவறு உண்டு. கீனை "பிரிட்டிஷ் வீரர்" என்று எழுதாதீர்கள். அவர் கார்க் நகரத்தின் மேஃபீல்டில் பிறந்தவர், அயர்லாந்துக் குடியரசுக்காக 67 ஆட்டங்கள் ஆடியவர். ஜார்ஜ் பெஸ்ட் ஆடிய வட அயர்லாந்து வேறு அணி. 1993இல் யுனைடெட் கொடுத்த 37.5 லட்சம் பவுண்டை "பிரிட்டிஷ் சாதனைத் தொகை" என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிளப்புகளின் கணக்கு. வீரரின் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராபி கீன் இவருக்குத் தம்பியோ உறவோ அல்ல. அவர் டப்ளின்காரர், அயர்லாந்துக்கு 68 கோல் அடித்த முன்கள வீரர், பின்னாளில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கு ஆட வந்தவர். நம் ஊரில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகமாக இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

யுனைடெட் அகாடமியில் வளர்ந்தவர் என்பதும் தவறு. பெக்காம், ஸ்கோல்ஸ் தலைமுறையோடு சேர்த்துப் பேசுவதால் வந்த வினை இது. கீனுக்குப் பதினாறு வயதில் இங்கிலாந்தில் இடம் கிடைக்கவில்லை. உயரம் போதாது என்றார்கள். கோப் ராம்ப்ளர்ஸ் என்ற சின்ன அயர்லாந்து கிளப்பிலிருந்து 1990இல் 47,000 பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை எடுத்தது. ஃபாரஸ்ட் பயிற்சியாளர் பிரையன் கிளஃப் அவரை நேராக ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக இறக்கிவிட்டார். 1993இல் ஃபாரஸ்ட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதும் பிளாக்பர்னுக்குப் போவதாக அதன் பயிற்சியாளர் டால்கிளிஷிடம் வாய்ச்சொல் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை, ஒப்பந்தத் தாள்களைத் தயார் செய்ய அலுவலகத்தில் ஆள் இல்லை. திங்கள் வருவதற்குள் யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசனின் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

வெறும் முரட்டு ஆட்டக்காரர் என்ற முத்திரையும் அப்படித்தான். இளம் வயதில் இரண்டு பெனால்டி பெட்டிகளுக்கும் இடையே ஓடி கோல் அடித்தவர் அவர். 1993 நவம்பரில் சிட்டியின் அன்றைய மைதானமான மெய்ன் ரோடில் 0-2 பின்தங்கியிருந்து 3-2 என்று வென்ற டெர்பியில் வெற்றிக் கோல் அவருடையது. 2000ஆம் ஆண்டில் சிறந்த வீரருக்கென்று சக வீரர்கள் தரும் விருது, பத்திரிகையாளர்கள் தரும் விருது இரண்டும் அவருக்கே கிடைத்தன.

பசிபிக் தீவான சைபானில் நடந்ததைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒரு பக்கமாகச் சாயாதீர்கள். 2002 உலகக் கோப்பைக்கு முன் அயர்லாந்து அணி அந்தத் தீவுக்குப் போனபோது பயிற்சிப் பொருட்கள் வந்து சேரவில்லை, மைதானம் கட்டாந்தரையாக இருந்தது. கீன் இதைப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். பயிற்சியாளர் மிக் மெக்கார்த்தி அணியினர் எல்லோரையும் கூட்டி விளக்கம் கேட்டார். கீன் எல்லார் முன்னிலையிலும் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிறகு அயர்லாந்து கால்பந்துச் சங்கமே ஏற்பாடு செய்த ஜெனிசிஸ் அறிக்கை, தயாரிப்பில் குறைகள் இருந்ததை ஒப்புக்கொண்டது. அதே சமயம் கீன் இல்லாத அணி நொறுங்கிவிடவும் இல்லை. ஜெர்மனியோடு சமன் செய்து, கடைசி 16இல் ஸ்பெயினிடம் பெனால்டியில்தான் தோற்றது. என் பார்வையில் குறை சொன்னதில் கீன் பக்கம் நியாயம் இருந்தது, அதைச் சொன்ன விதத்தில் இல்லை.

2005 நவம்பர் 18 அன்று அவர் யுனைடெட்டை விட்டுப் போனதற்கு கிளப்பின் சொந்தத் தொலைக்காட்சியான எம்.யு.டிவிக்குக் கொடுத்த பேட்டி ஒன்றே காரணம் என்பார்கள். மிடில்ஸ்பரோவிடம் 1-4 என்று தோற்றபின் பதிவான அந்தப் பேட்டி ஒளிபரப்பாகவே இல்லை. அது கடைசி உரசல், அவ்வளவுதான். ஃபெர்குசனோடு விரிசல் அதற்கு முன்பே விழுந்திருந்தது. வயது 34, காலில் காயம், ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருந்தது.

கடைசியாக, "பயிற்சியாளராகத் தோற்றவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். இப்ஸ்விச்சில் சரிவரவில்லை, உண்மை. ஆனால் 2006 ஆகஸ்டில் அவர் கைக்கு வந்தபோது சண்டர்லாந்து இரண்டாம் டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்தது. அந்த சீசனிலேயே பட்டம் வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அவரை அங்கே அழைத்துவந்த கிளப் தலைவர் நயல் குவின், சைபானில் அந்தக் கூட்டத்தில் இருந்தவர், அதன்பின் கீனோடு மனஸ்தாபப்பட்டுப் பல ஆண்டுகள் விலகி நின்றவர்.