1943-ல 3 ஜெயம் 6 தோல்வினு பார்த்தா அதை எப்படி படிக்கணும்

பழைய அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் ரெக்கார்டை நோண்டுறவங்க (ஹெல்மெட் போட்டு ஆடுற ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்ல) 1943 வந்ததும் கண்டிப்பா ஒரு நிமிஷம் முழிப்பாங்க. ஓஹையோ ஸ்டேட் 1942-ல நேஷனல் சாம்பியன், அடுத்த வருஷமே 3 ஜெயம் 6 தோல்வி. விஸ்கான்சின் 8 ஜெயம் 1 தோல்வி 1 டிராவுல இருந்து நேரா 1 ஜெயம் 9 தோல்வி. ரெண்டு டீம்லயும் அவங்கவங்க போன வருஷ கோச்தான் தொடர்ந்தாரு. அப்ப கோச்சைத் திட்டி பிரயோஜனம் இல்ல, இது ரெண்டாம் உலகப் போர் நடந்த வருஷம், வேற இடத்துல தேடணும்.

முதல்ல பார்க்க வேண்டியது ஸ்கோர் இல்ல, அந்த கேம்பஸ்ல எந்தப் படையோட ட்ரெயினிங் நடந்துச்சுங்கறது. முக்கால்வாசி பதில் இதுலயே கிடைச்சிடும். 1943 ஜூலை 1-ல நேவி வி-12னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு 131 காலேஜ்ல பசங்களை ஆபீசர் ஆக்க படிக்க வச்சாங்க, அந்தப் பசங்க காலேஜ் டீம்ல ஆடலாம்னு நேவி விட்டுடுச்சு, மரீன் பசங்களும் இதே கணக்குதான். ஆர்மியும் ஏஎஸ்டிபினு ஒண்ணு நடத்துச்சு, ஆனா அதுல சேர்ந்தவன் ஆடவே கூடாது. ஆக, ஆர்மி வந்து உட்கார்ந்த காலேஜுக்கு கேம்பஸ் நிறைய ஆம்பளப் பசங்க இருந்தும் டீம்ல ஆள் இல்ல. ஓஹையோ ஸ்டேட் மாட்டுனது இங்கதான், 17, 18 வயசுப் பசங்களை வச்சு ஓட்டுனாங்க, பேப்பர்காரங்க பேபி பக்ஸ்னே பேர் வச்சாங்க (பக்ஸ்ங்கறது அந்த டீமோட செல்லப் பேர்). 1942 நவம்பர்ல டிராஃப்ட் (படையில கட்டாயமா சேர்க்கறது) வயசை 18-க்கு இறக்கிட்டதால அதுக்கு மேல உள்ளவனை நம்பி டீம் போட முடியாத நிலைமை.

அடுத்து, போன வருஷ ஆளுங்க எங்க போனாங்கன்னு தேடுங்க, நிறைய பேர் போர்முனைக்குப் போகல, எதிர் டீமுக்குப் போயிருப்பாங்க! நேவி எங்க அனுப்புதோ அங்கதான் படிப்பு, அங்கதான் ஆட்டமும். விஸ்கான்சினோட எல்ராய் ஹிர்ஷ் மிச்சிகனுக்குப் போய் ஆடுனாரு. இல்லினாய்ஸோட டோனி புட்கோவிச், அலெக்ஸ் அகேஸ் ரெண்டு பேரும் பர்டூவுக்குப் போனாங்க. பர்டூ அந்த வருஷம் 9 மேட்ச்ல 9 ஜெயம், இல்லினாய்ஸ் 3 ஜெயம் 7 தோல்வி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் புரியும். புட்கோவிச் 1945-ல ஒகினாவாவுல இறந்துட்டாரு, விஸ்கான்சினோட டேவ் ஷ்ரைனரும் அதே இடத்துலதான். அதனால டீம் ஆளுங்க லிஸ்ட்டைப் பார்க்கும்போது பேருக்குப் பின்னாடி என்ன ஆச்சுன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்க.

எதிர் டீம் யாருன்னும் பார்க்கணும். ஓஹையோ ஸ்டேட்டோட 6 தோல்வியில ரெண்டு, காலேஜ் டீம்கிட்டயே இல்ல, அயோவா ப்ரீ-ஃப்ளைட், கிரேட் லேக்ஸ்னு நேவி பேஸ் டீம்ங்ககிட்ட. அனுபவம் உள்ள பெரிய காலேஜ் ஸ்டார்ஸ், ப்ரொஃபஷனல் ஆட்டக்காரங்கன்னு கலந்து கட்டுன டீம் அதெல்லாம், அந்த வருஷ சாம்பியன் நோட்ரடேமையே கிரேட் லேக்ஸ் 19-14னு கடைசி மேட்ச்ல சாய்ச்சுது. 17 வயசுப் பையன் அவங்ககிட்ட தோத்தான்னு எழுதி வச்சுட்டு அதே ஜெயம்-தோல்வி பர்சென்டேஜை வச்சு கோச்சுக்கு ரேங்க் போடுறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும்.

தேதியையும் விட்றாதீங்க. அக்டோபர் கடைசியில நேவி ஒரு பேட்ச் பசங்களை வேற கேம்ப்புக்கு மாத்துச்சு, செப்டம்பர்ல ஆடுன டீமும் நவம்பர்ல ஆடுன டீமும் பேருக்குத்தான் ஒண்ணு. நோட்ரடேமோட பெர்டெல்லி 6 மேட்ச் ஆடிட்டு மரீனுக்குக் கிளம்பிட்டாரு, ஆனாலும் அந்த வருஷ சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குத்தான்.

டேபிள் மட்டும் போதாது, ஒரே ஒரு மேட்சை எடுத்து அந்தக் காலேஜ் பேப்பர்ல முழுசா படிங்க. நான் சொல்றது 1943 நவம்பர் 13, ஓஹையோ ஸ்டேட் - இல்லினாய்ஸ். ரெண்டு பக்கமும் ஆள் போன டீம்தான். 26-26, கடைசி பாஸ் தரையில விழுந்துடுச்சு, டிரானு நினைச்சு எல்லாரும் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போயாச்சு, ஜனமும் கிளம்பிடுச்சு. அப்புறம்தான் இல்லினாய்ஸ் ஆஃப்சைடு (பந்து நகரும் முன்னாடியே கோட்டைத் தாண்டுன தப்பு), கொடி விழுந்திருக்கு, இன்னொரு ப்ளே பாக்கினு ரெஃப்ரி ரெண்டு டீமையும் திரும்பக் கூப்பிட்டு வராரு. ஓஹையோ ஸ்டேட்டோட ஜான் ஸ்டங்கிஸ் ஃபீல்ட் கோல் (பந்தை கம்பங்களுக்கு நடுவுல உதைச்சா 3 பாயின்ட்) அடிச்சு 29-26. அந்த 3 ஜெயத்துல ஒண்ணு இப்படி வந்ததுதான்.

அந்த வருஷம் ரெக்கார்டே இல்லாத காலேஜையும் கணக்குல எடுத்துக்கங்க. அலபாமா, டென்னசி, கென்டக்கி எல்லாம் 1943-ல டீமே இறக்கல. 1 ஜெயம் 9 தோல்வினு போட்டிருக்கவன் கடைசி வரைக்கும் இறங்கி ஆடுனவன்.

முடிஞ்சா 1944 வரியையும் சேர்த்துப் பாருங்க. ஓஹையோ ஸ்டேட் கோச் பால் பிரவுன் நேவிக்குப் போயிட்டாரு, அவர் இடத்துல கரோல் விட்டோஸ் கோச், லெஸ் ஹார்வத் திரும்ப வந்து ஆடி ஹைஸ்மன் வாங்குனாரு, ஓஹையோ ஸ்டேட் 9 மேட்ச் ஆடி ஒண்ணுகூட தோக்கல.