மருந்தின் தீங்கைத் தெரிவிப்பதில் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலிப்புக்காகக் கார்பமசெபைன் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் ஒருவருக்குக் காய்ச்சலோடு உதடும் கண்ணும் புண்ணாகித் தோல் உரியத் தொடங்குகிறது. மருத்துவர் உடனே மருந்தை நிறுத்தி, அவரை உள்நோயாளியாகச் சேர்த்துக் காப்பாற்றுகிறார். கேஸ் ஷீட்டிலும் குறித்துவைக்கிறார். சிகிச்சையில் குறையேதும் இல்லை. ஆனால் அந்தத் தகவல் அந்த வார்டின் அலமாரியைத் தாண்டிப் போவதே இல்லை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடந்துவருகிறது. 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. மருந்தால் நேர்ந்த தீங்கைத் தெரிவிக்க அங்கு அனுப்ப வேண்டிய படிவம் இருப்பதை அறிந்தவர்கள்கூட அதை நிரப்பாமல் விடுவதற்குச் சில தவறான எண்ணங்களே காரணம்.

அவற்றுள் மிகப் பெரியது, உறுதியாகத் தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று காத்திருப்பது. படிவம் கேட்பது ஐயத்தை மட்டுமே. 1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட், கர்ப்பகாலக் குமட்டலுக்குத் தரப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் உறுப்புக் குறைகளைப் பற்றி லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அவரிடம் நிரூபணம் இல்லை. இத்தகைய குறைகளை வேறு யாரேனும் கண்டிருக்கிறீர்களா என்றுதான் அவர் கேட்டார். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு நேரும் தீங்கை ஒருமுறையாவது காண்பதற்கு ஏறத்தாழ முப்பதாயிரம் பேரைக் கவனிக்க வேண்டும். ஒப்புதலுக்கு முந்தைய ஆய்வுகளில் பெரும்பாலும் சில ஆயிரம் பேரே இடம்பெறுகிறார்கள். எனவே அரிய தீங்கை முதலில் காணும் வாய்ப்பு, புறநோயாளிப் பிரிவில் அமர்ந்திருக்கும் மருத்துவருக்கே அதிகம். அவரும் நிரூபணத்துக்காகக் காத்திருந்தால், நிரூபிப்பதற்கான தரவு எங்கிருந்தும் வந்து சேராது.

பழைய மருந்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று கருதுவதும் பிழையே. மெஃபனமிக் அமிலம் பல பத்தாண்டுகளாக மாதவிடாய் வலிக்கு எழுதித் தரப்படும் மாத்திரை. ஆயினும் டிரெஸ் எனப்படும், உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடிய கடும் ஒவ்வாமையை அது உண்டாக்கலாம் என்று அதே ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை விடுத்தது.

தன் மீது பழி வருமோ, வழக்கு வருமோ என்ற அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அது உண்மையான அச்சம். ஆனால் அறிக்கை அனுப்புவது, மருத்துவரோ மருந்தோ தீங்குக்குக் காரணம் என்று ஒப்புக்கொள்வதாகாது எனப் படிவமே தெளிவாகச் சொல்கிறது. நோயாளியின் முழுப் பெயரும் தேவையில்லை, முதலெழுத்துகள் போதும்.

எழுதுபவர்களிடமும் ஒரு குறை உண்டு. "மாத்திரையால் அரிப்பு" என்று மட்டும் எழுதி அனுப்பினால், மதிப்பிடுபவரால் எதையும் தீர்மானிக்க முடியாது. மருந்து தொடங்கிய நாள், தீங்கு தோன்றிய நாள், நிறுத்திய பின் தணிந்ததா என்பது, கூடவே உட்கொண்ட சித்த மருந்து, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை ஆகிய அனைத்தும் வேண்டும். தடுப்பூசியானால் பேட்ச் எண் இன்றியமையாதது. நேரமில்லை என்போர், செவிலியரும் மருந்தாளுநரும் இதே படிவத்தை அனுப்பலாம் என்பதையும், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருப்பதையும் நினைவில் கொள்ளலாம்.

ஆணையத்துக்கு எழுதிவிட்டு நோயாளியிடம் சொல்லாமல் விடுவது இன்னொரு தவறு. தோல் உரிந்து மீண்டவரின் கையில் "கார்பமசெபைன் இனி கூடாது" என்று எழுதிய சீட்டு இருக்க வேண்டும். இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிடாயினும் அதே தீங்கை விளைவிக்கலாம் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், அடுத்த ஊர் மருத்துவர் அதே மருந்தை வேறொரு வணிகப் பெயரில், எதுவும் அறியாமல் எழுதிக் கொடுத்துவிடுவார்.