புதிதாகச் செடி வைத்த மீன்தொட்டியில் தண்ணீர் கலங்கினால் என்ன செய்வது?

இரண்டடித் தொட்டி வாங்கி, அடியில் மண் போட்டு, மேலே ஜல்லி பரப்பி, செடிகளை நட்டுத் தண்ணீரும் நிரப்பிவிட்டீர்கள். முதல் நாள் தெளிவாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. கடையில் கேட்டால் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். வீட்டில் கேட்டால் "எல்லாத்தையும் கொட்டிட்டுக் கழுவி வை" என்பார்கள். இரண்டுமே வேண்டாம். புதுத் தொட்டியில் வரும் கலங்கல் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். தொட்டியைப் பிரித்துக் கழுவினால் அது தெளிவது இன்னும் தள்ளித்தான் போகும்.

ஆனால் எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல. எது என்று தெரியாமல் மருந்து ஊற்றாதீர்கள்.

படி 1: கலங்கல் எந்த வகை என்று பாருங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தை வையுங்கள். நிறம் தெரிந்துவிடும். பிறகு அந்த டம்ளரை ஆட்டாமல் ஓர் இரவு அப்படியே விடுங்கள்.

காலையில் அடியில் வண்டல் படிந்து மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் அது மண் தூசி. தண்ணீர் ஊடுருவித் தெரிகிறது, ஆனால் டீ நிறத்தில் இருக்கிறது என்றால் மரக்கட்டையின் சாயம். பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி. இரவெல்லாம் வைத்தும் எதுவும் படியாமல், கஞ்சித் தண்ணீர் போல ஒரே சீராக வெளுத்திருந்தால் அது பாக்டீரியா. புதுத் தொட்டிகளில் அதிகம் வருவது இந்தக் கடைசி வகைதான்.

இருட்டில் செல்போன் டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டில் அடித்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. தூசி என்றால் துகள்கள் தனித்தனியாக மிதப்பது கண்ணுக்குத் தெரியும். பாக்டீரியா என்றால் துகளே தெரியாது, ஒளி போகும் பாதை மட்டும் வெளுப்பாகத் தெரியும்.

போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இன்னொரு சோதனை. உப்பு அதிகமுள்ள நிலத்தடி நீர் வெளியே வந்ததும் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறும், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறும், சுண்ணாம்பு பொடியாகப் பிரிந்து தண்ணீரை வெளுக்க வைக்கும். டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் விட்டுக் கலக்குங்கள். வெளுப்பு மறைந்தால் அது சுண்ணாம்பு. அடுத்த முறை தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டு, ஒரு நாள் வைத்திருந்து மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்தாலும் சரியாகும்.

படி 2: மண் தூசி என்றால்

ஜல்லியைச் சரியாக அலசாததும், தண்ணீரை வேகமாக ஊற்றியதும்தான் காரணம். ஃபில்டரில் ஸ்பாஞ்சுக்கு முன்னால் ஃபில்டர் பஞ்சை ஒரு படலமாக வையுங்கள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் பழுப்பாக இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுப் புதுப் பஞ்சு வையுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றுவதற்குள் தெளிந்துவிடும்.

இனி தண்ணீர் ஊற்றும்போது அடிமண் மேல் ஒரு தட்டையோ பாலிதீன் கவரையோ விரித்து, அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள். செம்மண்ணும் மண்புழு உரமும் அடியில் போட்டவர்கள் மேலே ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை ஜல்லி போட்டிருக்க வேண்டும். நட்ட செடியைப் பிடுங்கி இடம் மாற்றாதீர்கள். வேரோடு மண்ணும் மேலே வரும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

டீ நிறத்துக்கு மருத்துவமே தேவையில்லை, அது மீனுக்குக் கெடுதல் செய்யாது. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் கட்டையை வெளியே எடுத்து வாரக்கணக்கில் ஊறவையுங்கள், அல்லது ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள்.

படி 3: பாக்டீரியா என்றால்

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நர்சரியில் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்த்துத் தருகிறார்கள். அந்த இலைகள் தண்ணீருக்குள் பிழைக்காது. கிரிப்டோகொரைன் என்ற செடியை நட்ட வாரத்திலேயே இலை கரைந்து வழவழப்பாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். செடி சாகவில்லை, வேர் இருக்கும், புது இலை வரும். ஆனால் கரைந்த இலை தண்ணீரில் உணவாகிறது. அடிமண்ணின் உரமும், தின்னாமல் கிடக்கும் மீன் உணவும் அதோடு சேர்கின்றன. இதைத் தின்னும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலேயே மிதந்தபடி சில மணி நேரத்துக்குள் பலமடங்காகப் பெருகும். அந்தக் கூட்டம்தான் உங்கள் கண்ணில் படும் வெளுப்பு.

நமக்கு வேண்டிய பாக்டீரியா வேறு. மீன் கழிவிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை விஷம் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் இனங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஜல்லியிலும் கண்ணாடியிலும் ஒட்டி வளர்பவை. மெதுவாகத்தான் பெருகும், நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினால் இவற்றில் பெரும்பகுதி போய்விடும், மீதியைக் குளோரின் கொல்லும். வெள்ளைக் கலங்கலோ தங்கியிருக்கும் உணவைத் தின்று சில நாட்களில் திரும்பிவிடும். அதனால்தான் தினமும் கழுவுகிறவர்களின் தொட்டி தெளிவதே இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

கரைந்து அழுகும் இலைகளைக் கத்தரியால் வேர்ப்பக்கம் வரை வெட்டி எடுங்கள். மிதக்கும் துண்டுகளை வலையால் அள்ளுங்கள். உள்ளே மீன் இருந்தால் இரண்டு நாள் உணவை நிறுத்துங்கள், ஆரோக்கியமான மீன் தாங்கும். அதன் பிறகும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெருகும் பாக்டீரியா ஆக்ஸிஜனை உறிஞ்சும், விளக்கு அணைந்த பிறகு செடிகளும் ஆக்ஸிஜனை எடுக்கத் தொடங்கும். 30 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைய முடியும், நம் கோடையில் தொட்டி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினால் அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். கலங்கலால் மீன் செத்தது என்பார்கள். பல நேரம் ஆக்ஸிஜன் போதாமல்தான் சாகிறது.

விளக்கை நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். ஜன்னல் வெயில் படுகிற இடம் என்றால் பின்பக்கம் அட்டை ஒட்டுங்கள். பச்சைத் தண்ணீர் வந்திருந்தாலும் இதே வைத்தியம்தான், கூடவே மூன்று நாள் விளக்கை அடியோடு அணைத்துத் தொட்டியைப் போர்வையால் மூடுங்கள். ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும்.

இவ்வளவும் செய்தால் ஒரு வாரம் பத்து நாளில் முதலில் முன்பக்கச் செடிகள் துலக்கமாகும், பிறகு பின்கண்ணாடி தெரியும்.

படி 4: தண்ணீர் மாற்றுவது எப்போது?

கலங்கலைப் பார்த்து மாற்றாதீர்கள். அம்மோனியாவைப் பார்த்து மாற்றுங்கள். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூர் போன மீன் பிரியர்களில் பலர் பை நிறைய மீன் வாங்கி வருவார்கள், கிட் வாங்க மறந்துவிடுவார்கள். மீன் பிறகு வாங்கலாம்.

அக்வா சாயில் (மீன்தொட்டிச் செடிகளுக்கென்று கடையில் விற்கும் உரமண்) போட்டவர்கள் கட்டாயம் அளக்க வேண்டும், அந்த மண் முதல் சில வாரங்கள் அம்மோனியாவைத் தானே கசியவிடும். அளக்கும்போது பிஎச்சையும் பாருங்கள். கிட் காட்டும் அதே அம்மோனியா, பிஎச் 7-இல் இருப்பதைவிட பிஎச் 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு விஷத்தன்மை கொண்டது. போர் தண்ணீர் தொட்டிகளில் பிஎச் 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். மீன் உள்ள தொட்டியில் அம்மோனியா அரை பிபிஎம்மை (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) தொட்டாலே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

எத்தனை லிட்டர் மாற்றுவது? நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 24, 12, 15 அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய 71. மண்ணும் மேலே விட்ட இடமும் போக 55 லிட்டர் என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்றால் 18 லிட்டர், ஒரு பெரிய பக்கெட். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள்.

எடுத்த பழைய தண்ணீரைக் கொட்டுவதற்கு முன், ஸ்பாஞ்ச் அடைத்திருந்தால் அந்தப் பக்கெட்டிலேயே இரண்டு முறை மெல்லப் பிழிந்து திரும்ப மாட்டுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும், வெள்ளையாக்க வேண்டாம்.

ஊற்றக் கூடாதவை

படிகாரம் போட்டால் தண்ணீர் தெளியும் என்று யாராவது சொல்வார்கள். குடிநீர்ப் பானைக்கு அது சரி, மீன்தொட்டிக்கு ஆகாது. பிஎச்சை இறக்கிவிடும், அலுமினியம் மீனின் செவுளைப் பாதிக்கும். தேற்றாங்கொட்டையும் அப்படித்தான். சேற்றுத் தண்ணீரின் களிமண்ணைத் திரட்டிப் படியவைப்பதில் அது கெட்டிக்காரக் கொட்டை. ஆனால் பாக்டீரியாக் கலங்கலில் உரைத்து ஊற்றினால் அதற்குக் கூடுதல் தீனி போடுவதாகத்தான் ஆகும். கடையில் விற்கும் தெளிவாக்கிச் சொட்டுகள் துகள்களை ஒன்றுசேர்த்து ஃபில்டரில் சிக்கவைக்கும், காரணம் உள்ளே இருக்கும்வரை கலங்கல் திரும்பத் திரும்ப வரும்.

கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டிலைவிட நம்பகமானது, ஆறு மாதமாக நன்றாக ஓடும் நண்பரின் தொட்டியிலிருந்து வாங்கிய பழைய ஸ்பாஞ்ச். அவருடைய மீன்களுக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அவர் தொட்டித் தண்ணீரிலேயே ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் சொருகுங்கள்.

படி 5: மீன் விடுவது

தண்ணீர் தெளிந்தால் தொட்டி தயார் என்று அர்த்தமில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்ட வேண்டும். 55 லிட்டருக்கு முதலில் ஐந்து கப்பி மீன் விடுங்கள், பத்து நாள் கழித்து மறுபடி அளந்துவிட்டு அடுத்த ஐந்தை விடுங்கள். இரண்டடித் தொட்டிக்குக் கோல்ட்ஃபிஷ் வேண்டாம், அதன் கழிவு அதிகம், மென்மையான செடிகளையும் தின்றுவிடும். மீன் விட்ட ஓரிரு நாளில் மெல்லிய வெளுப்பு மறுபடி வந்தால் உணவைப் பாதியாகக் குறையுங்கள், ஏர் பம்பைக் கூட்டுங்கள், அம்மோனியாவைத் தினமும் அளந்து பாருங்கள்.