வார்டில் தொடங்கிய கேஸ் மாத்திரை: எங்கே தவறு நேர்கிறது?

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வேலூருக்கு வந்து, மருத்துவமனையில் சேர்ந்து குணமாகி ஊர் திரும்புகிறவர்களின் மருந்துப் பையில், வந்த நோய் எதுவானாலும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ‘கேஸ் மாத்திரை’யான பேன்டோபிரசோல் அட்டை ஒன்று இருப்பது வழக்கமாகிவிட்டது. காய்ச்சலுக்குச் சேர்ந்தவருக்கும் கால் முறிவுக்குச் சேர்ந்தவருக்கும் அது எதற்கு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டோடு வரும் ரசம் போலத் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்தின் வேர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. உயிருக்குப் போராடும் நோயாளியின் இரைப்பைச் சுவருக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து, அங்கே புண் உண்டாகி இரத்தம் கசியக்கூடும் என்பதால், அமிலத்தைக் குறைக்கும் மருந்து முன்காப்பாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அங்கேயும் எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. தீவிர சிகிச்சை பெற்ற 2,252 பேரைக் கவனித்து 1994இல் வெளியான கனடிய ஆய்வில், 48 மணி நேரத்துக்கு மேல் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டவர்களிடமும் இரத்தம் உறையும் தன்மை குன்றியவர்களிடமும் கடுமையான கசிவு 3.7 விழுக்காடாக இருந்தது; இவ்விரண்டும் இல்லாதவர்களிடம் 0.1 விழுக்காடுதான். தலைக்காயம், பரவலான தீக்காயம், அண்மையில் இரைப்பையில் இரத்தம் கசிந்திருப்பது ஆகியவையும் தகுந்த காரணங்களே. இவற்றில் எதுவும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடும் வார்டு நோயாளிக்கு முன்காப்பு என்று சொல்லி இதைத் தொடங்குவதே முதல் தவறு. விழுங்க முடிகிறவருக்கு அதையே ஊசியாகப் போடுவது பெரும்பாலும் செலவைத்தான் கூட்டும்.

அதைவிடப் பெரிய தவறு, தொடங்கியதை நிறுத்த மறப்பது என்பேன். எதற்காக, எத்தனை நாளுக்கு என்ற குறிப்பில்லாமல் டிஸ்சார்ஜ் சீட்டில் ஏறிய மாத்திரையை, அதே சீட்டை மருந்துக்கடையில் நீட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. இரைப்பை அமிலம் கிருமிகளுக்கு ஒரு தடை என்பதால், அது குறைந்தவர்களிடம், குறிப்பாக ஆன்டிபயாடிக் எடுப்பவர்களிடம், கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு கூடுதலாகக் காணப்படுகிறது. நீண்ட காலம் எடுத்தால் இரத்தத்தில் மக்னீசியமும் வைட்டமின் பி12உம் குறையலாம். அரிதாகச் சிறுநீரக அழற்சியும் வரலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தேவைப்படுகிறவரும் மாத்திரையைத் தூக்கிப் போடுவது எதிர்ப்பக்கத் தவறு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுக்கும் முதியவருக்கும், முன்பு அல்சரில் இரத்தம் கசிந்தும் மூட்டுவலி மாத்திரையை விட முடியாதவருக்கும், இது உண்மையான பாதுகாப்பு. குளோபிடோக்ரெலின் வேலையை, பேன்டோபிரசோல் வகையைச் சேர்ந்த மற்றொரு மருந்தான ஓமெப்ரசோல் மட்டுப்படுத்தக்கூடும் என்பதால், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்குப் பேன்டோபிரசோலைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும்; சாப்பிட்ட பிறகு எடுத்தால் பலன் குறையும். பல மாதம் எடுத்தவர் மருத்துவர் சொல்லி நிறுத்தும்போது, அடக்கி வைத்திருந்த அமிலம் சில வாரங்களுக்கு மிகுதியாகச் சுரந்து நெஞ்செரிச்சலைத் தரலாம். பழைய நோய் திரும்பிவிட்டதென்று எண்ணி உடனே அட்டையை வாங்காமல், அளவைப் படிப்படியாகக் குறைப்பது பற்றியும் இடைக்கால எரிச்சலுக்கு, சுரந்த அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் சிரப் போதுமா என்பது பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். மலம் தார் போலக் கறுத்தாலோ வாந்தியில் இரத்தம் வந்தாலோ, சிரப்பைக் குடித்துக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.